முன்பின் தெரியாதவரிடம் பவுன் காசு வாங்கும் முன்: தராசு, நூல், ஒரு யோகட் கப்

பவுன் என்று சொன்னால் நம் பக்கம் இரண்டு பொருள். நகைக்கடையில் பவுன் என்பது நிறை, 8 கிராம். பாட்டியின் ட்ரங்குப் பெட்டியில் துணியில் முடிந்து கிடந்த பவுன் வேறு. அது ஒரு பக்கம் ராணி அல்லது ராஜா தலையும் மறுபக்கம் குதிரைவீரன் நாகத்தை மிதித்து நிற்கும் படமும் போட்ட ஆங்கிலேயர் காசு. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பஸ் தரிப்பிடத்தில் ஒருவர் கைக்குட்டையை விரித்துக் காட்டுவதும், பேஸ்புக்கில் படம் போட்டு "அவசரத்துக்குக் குடுக்கிறேன்" என்று எழுதுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது பவுனைத்தான். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் அதைப் பற்றி. மற்றக் காசுகளைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம்.

முதலில் நான்கு எண்களை ஒரு துண்டில் எழுதிப் பேர்சில் வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பவுன்: நிறை 7.98 முதல் 7.99 கிராம், விட்டம் 22.05 மில்லிமீற்றர், விளிம்பில் தடிப்பு 1.52 மில்லிமீற்றர், 22 கரட். அரைப் பவுன் என்றால் 3.99 கிராம், விட்டம் 19.30 மில்லிமீற்றர். பல கை மாறித் தேய்ந்த பழைய காசு கொஞ்சம் குறையும். பிரித்தானியச் சட்டமே 7.938 கிராமுக்குக் கீழே போன பவுனைப் புழக்கத்துக்கு ஆகாததென்று ஒதுக்கியது. அதனால் 7.94க்கும் 7.99க்கும் இடையில் நின்றால் சரி. 7.90 என்று காட்டினால் "தேஞ்சிருக்கு" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். 8.05 காட்டினாலும் அப்படியே. தேய்ந்து நிறை கூடிய காசு உலகத்தில் இல்லை. பதக்கமாகப் போட்டிருந்த காசில் வளையம் பற்றவைத்த பற்றாசு ஒட்டியிருந்தால் மட்டும் சற்றுக் கூடும், அந்தத் தழும்பு விளிம்பில் கண்ணுக்கே தெரியும்.

இந்த மூன்று அளவும் சேர்ந்து ஏன் இவ்வளவு பெரிய காவல்? தங்கத்தின் பாரம்தான் காரணம். அதே அச்சில், அதே விட்டத்தில், அதே தடிப்பில் பித்தளையில் ஒரு காசு வார்த்தால் அது 3.8 கிராம்தான் வரும். செம்பில் 4 கிராம். வெள்ளியில் 4.7 அல்லது 4.8. ஈயத்தில்கூட 5 கிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நிறையை எட்ட வேண்டுமானால் பித்தளைக் காசை இரண்டு மடங்கு தடிப்பாக்க வேண்டும், அல்லது அகலமாக்க வேண்டும். நிறை சரி, விட்டம் சரி, தடிப்பு சரி என்று மூன்றும் ஒரே காசில் ஒத்துவருவது இப்படிப்பட்ட மலிந்த உலோகங்களால் முடியாத காரியம். கள்ளக்காசுக்காரர் நம்பியிருப்பது நீங்கள் ஒன்றை மட்டும் அளப்பீர்கள் என்பதை. பல நேரம் எதையும் அளக்காமல் கையில் வைத்து "பாரமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவீர்கள் என்பதை. 4 கிராமுக்கும் 8 கிராமுக்கும் உள்ள வித்தியாசத்தை, பக்கத்தில் ஒப்பிட நல்ல காசு இல்லாதபோது, உள்ளங்கை கண்டுபிடிக்காது.

கையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, 200 கிராம் வரை தாங்குவது. சமையல் தராசு 1 கிராம்தான் காட்டும், இதற்கு உதவாது. விட்டமும் தடிப்பும் அளக்க ஒரு டிஜிட்டல் வேர்னியர். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி. ஒரு யோகட் கப், மெல்லிய நைலோன் நூல், பாமசியில் வாங்கிய 10 மில்லிலீற்றர் சிரிஞ்ச், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி, ஒரு காந்தம், டோர்ச். எல்லாம் ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

தராசை நம்பும் முன் தராசைச் சோதியுங்கள். வெறும் கப்பை வைத்துப் பூச்சியமாக்கி, சிரிஞ்சில் 10 மில்லிலீற்றர் தண்ணீரை விட்டால் 10 கிராமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். சிரிஞ்சின் கோடுகள் அவ்வளவு துல்லியமில்லை, ஆகவே 9.8, 10.2 என்று வந்தால் குற்றமில்லை. 9 அல்லது 11 வந்தால் பற்றரி மாற்றுங்கள், அல்லது தராசையே மாற்றுங்கள். அதோடு வந்த சோதனைப் படிக்கல் இருந்தால் இன்னும் நல்லது. விற்பவர் கொண்டுவரும் தராசில் நிறுக்கவே வேண்டாம்.

நுவரெலியா, நானுஓயா பக்கம் குளிரில் இருந்து எடுத்த தராசைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் எண்கள் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் மேசையில் விட்டுவிட்டுப் பிறகு தொடங்குங்கள். கதவு, ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும், மலைக்காற்று ஒரு தடவை உள்ளே புகுந்தால் கடைசி இலக்கம் ஆடும். "மேல நாட்டுல நிறை குறைச்சுக் காட்டும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரம்தான், கடற்கரையில் 8 கிராம் காட்டும் காசு அங்கே 0.005 கிராம் அளவுகூடக் குறையாது. உங்கள் தராசால் அதைப் பார்க்கவே முடியாது.

தண்ணீர்ச் சோதனை

கண்ணால் பார்ப்பது, சத்தம் கேட்பது, காந்தம் வைப்பது எல்லாவற்றையும் விட இந்த ஒன்றுக்கு அதிக நேரம் கொடுங்கள். காசைக் கீறாது, அமிலம் வேண்டாம், ஐந்து நிமிட வேலை.

காசைத் துடைத்து உலர்த்தி, தராசில் நிறுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், 7.98 என்று வைப்போம். யோகட் கப்பில் முக்கால்வாசி தண்ணீர் விட்டு, பாத்திரம் கழுவும் திரவத்தில் விரல் நுனியைத் தொட்டுக் கலக்குங்கள், நுரை வராமல். கப்பைத் தராசில் வையுங்கள். தராசுக்கு இரு பக்கமும் தராசைத் தொடாமல் இரண்டு உயரமான தம்ளர்களைக் கவிழ்த்து வைத்து, குறுக்கே ஒரு பென்சிலைப் போடுங்கள். காசைப் பார்சல் கட்டுவதுபோல நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, பென்சிலில் தொங்கவிடத் தயாராக வையுங்கள். இப்போது தராசைப் பூச்சியமாக்குங்கள். பிறகு காசைத் தண்ணீருக்குள் இறக்குங்கள். முழுதும் மூழ்க வேண்டும், அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. தராசு காட்டும் எண், காசு ஒதுக்கிய தண்ணீரின் நிறை.

நல்ல பவுனுக்கு அந்த எண் 0.45. 0.44, 0.46 வந்தாலும் சரி, தராசின் ஆட்டம் அது. உலர்ந்த நிறையை இந்த எண்ணால் வகுத்தால் 17.5 அல்லது 17.7 போல வரும், 22 கரட் தங்கத்தின் அடர்த்தி அந்த இடத்தில்தான். 0.47 வந்தால் திரும்பச் செய்யுங்கள். திரும்பவும் 0.47, 0.48 என்றே நின்றால் 21 கரட்டாக இருக்கலாம். 0.52 என்றால் 18 கரட். 0.76 வெள்ளி மீது பூச்சு. 0.9க்கு மேலே போனால் பித்தளை அல்லது செம்பு. அதைப் பார்க்கத் தண்ணீர் தேவையில்லை, தடிப்பே சொல்லியிருக்கும்.

பிழை வருவது மூன்று இடங்களில். காசு அடியைத் தொட்டுவிட்டால் எண் திடீரென்று 7க்கு மேல் பாயும், அது உடனே தெரியும், நூலைக் குறையுங்கள். விளிம்பின் பற்களில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் எண் 0.02 வரை கூடி நல்ல காசைக் கள்ளக்காசாகக் காட்டும். டோர்ச் அடித்துப் பாருங்கள், குமிழி தெரிந்தால் காசை மெல்ல ஆட்டுங்கள். மூன்றாவது, தடித்த நூல். தையல் நூலே போதும், பூக்கட்டும் நார் வேண்டாம். மூன்று தடவை செய்து மூன்றும் ஒத்துப்போனால்தான் எண்ணை நம்புங்கள்.

அரைப் பவுனில் 0.23 தான் வரும். அந்த எண்ணில் 0.01 தவறினாலே கணக்கு 17இல் இருந்து 18க்குத் தாவிவிடும். இரண்டு மூன்று அரைப் பவுன்கள் இருந்தால் தனித்தனியாக நிறுத்து, விட்டம் பார்த்து, பிறகு ஒன்றாகக் கட்டித் தண்ணீரில் விடுங்கள். பதக்கத்துக்குள் சட்டமிட்ட காசில் இந்தச் சோதனை செல்லாது. சட்டத்தைக் கழற்றச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

டங்ஸ்ரன் என்ற உலோகம் தங்கத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான பாரம், அடர்த்தி 19.25. சுத்தத் தங்கம் 19.3. அதனால் 24 கரட் பிஸ்கட், 24 கரட் காசு என்று விற்பவற்றில் உள்ளே டங்ஸ்ரன் வைத்து மேலே தங்கம் போர்த்தினால் தண்ணீர்ச் சோதனை ஏமாந்துபோகும். 22 கரட் பவுனில் இந்தத் தந்திரம் எடுபடாது, டங்ஸ்ரன் வைத்தால் எண் 0.45க்குப் பதில் 0.41, 0.42 என்று இறங்கும். வேறு உலோகம் கலந்து 17.6க்குக் கொண்டுவர முடியாதா என்றால் முடியும், ஆனால் அந்தக் கலவை பாறைபோல் கடினம், குதிரையின் பிடரிமயிர் அளவுக்கு நுணுக்கமாக அதில் அச்சடிப்பது லேசல்ல. ஒரு பவுனுக்காக அந்த மினக்கேடு படுகிறவர் அரிது.

கண்ணாடியில் பார்க்க வேண்டியது

அச்சில் அடித்த காசுக்கும் வார்த்த காசுக்கும் வித்தியாசம் எழுத்தின் காலடியில் தெரியும். அடித்த காசில் எழுத்து தரையில் இருந்து செங்குத்தாக எழும், ஓரம் கத்திபோல். வார்த்ததில் எழுத்து மெழுகு உருகியதுபோல மழுங்கி இருக்கும், இடையில் ஊசிமுனை அளவு குழிகளும் சிறு பருக்களும் கிடக்கும். விளிம்பை டோர்ச் வெளிச்சத்தில் மெல்லச் சுற்றுங்கள். பற்கள் ஒரே இடைவெளியில் சுற்றிவர வேண்டும், ஓரிடத்தில் அழிந்தோ அரத்தால் ராவியதுபோலவோ ஒரு கோடு ஓடினால் அது இரண்டு அச்சு சேர்ந்த இடம்.

அடுத்து எழுத்து. குதிரை போட்ட உண்மையான பவுனில் அதன் பெறுமதி எங்கும் எழுதியிருக்காது. "ஒரு பவுண்" என்றோ "22 கே" என்றோ ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் அது லண்டன் காசல்ல, காசுமாலைக்கு ஆசாரி அடித்த காசாக இருக்கலாம். அதில் தங்கம் இருக்கலாம், பவுன் விலை கொடுக்கக் கூடாது.

ஆண்டையும் தலையையும் சேர்த்துப் பாருங்கள், பலர் இதைத் தவற விடுகிறார்கள். விக்டோரியா ராணி தலை 1901 வரை மட்டும். 1902 முதல் 1910 வரை ஏழாம் எட்வர்ட், வழுக்கைத் தலை, தாடி, வலப்பக்கம் பார்ப்பார். 1911 முதல் 1932 வரை ஐந்தாம் ஜோர்ஜ், இடப்பக்கம் பார்ப்பார். ஆறாம் ஜோர்ஜுக்குப் புழக்கப் பவுனே இல்லை, 1937இல் சேகரிப்பாளருக்கென்று அடித்த கொஞ்சம் மட்டும்தான். எலிசபெத் ராணி 1957இல் இருந்து. ஆகவே 1905 என்று போட்ட விக்டோரியாவும் 1945 என்று போட்ட ஜோர்ஜும் உங்களுக்கு வேறு சோதனை எதையும் மிச்சம் வைக்கவில்லை.

குதிரைக்குக் கீழே தரைக்கோட்டில், ஆண்டுக்கு நேர் மேலே ஒரு சிறு எழுத்து இருக்கலாம். அது எந்த நாட்டு அச்சகம் என்பதற்கான குறி: சிட்னி, மெல்பன், பேர்த், ஒட்டாவா, பிரிட்டோரியா. பம்பாயில் 1918ஆம் ஆண்டு மட்டும் பவுன் அடித்தார்கள், அதன் குறி ஆங்கில "ஐ". அந்தக் குறியோடு வேறு பழைய ஆண்டு போட்ட காசு கள்ளக்காசு, 2013 முதல் இந்தியாவில் அதே குறியோடு அடித்த புதிய காசுகள் மட்டும் விலக்கு. பழைய காசில் குறியே இல்லாவிட்டால் லண்டன். லண்டனிலும் 1917க்குப் பிறகு 1957 வரை 1925, 1937 தவிர வேறு ஆண்டு போட்ட பவுன் வெளியிடப்படவில்லை. இளம் விக்டோரியா தலைக் குதிரைக் காசில் இந்தக் குறி கழுத்துக்குக் கீழே இருக்கும், குதிரைப் பக்கம் தேடி ஏமாறாதீர்கள்.

நிறம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சில காசு மஞ்சள், சில செம்மை. ஆனால் காசின் மேடான இடங்களை, ராணியின் கன்னம், குதிரையின் தொடை, விளிம்பு, கவனியுங்கள். அங்கே மட்டும் வெள்ளையோ செம்போ எட்டிப் பார்த்தால் பூச்சு தேய்ந்திருக்கிறது. பச்சைக் களிம்பு பிடித்த "தங்கக் காசு" தங்கமல்ல. மண் ஒட்டிய காசைப் பழையதென்று நம்பாதீர்கள், தேயிலைக் கொழுந்து முளைக்கிற மண் எங்கும் இலவசம்.

காந்தம் இழுத்தால் இரும்பு, உடனே எழும்பிப் போகலாம். இழுக்காவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை, பித்தளையையும் ஈயத்தையும் காந்தம் இழுக்காதே. விரல் நுனியில் வைத்துத் தட்டிக் கேட்கும் சத்தத்தைப் பழகிய காதுக்கு மட்டும் விடுங்கள். பல்லால் கடிப்பது சினிமாவுக்கு.

உரைகல்லும் மெஷினும்

உரைகல்லில் உரசி அமிலம் விட்டுப் பார்ப்பது ஆசாரி கையில் நல்ல சோதனை. ஆனால் ஒரே ஒரு மெல்லிய உரசல் பூச்சைத்தான் தொடும். விளிம்பில், ஒரே இடத்தில், நாலைந்து தடவை அழுத்தி உரசச் சொல்லுங்கள், ஆசாரி ஒப்பிட வைத்திருக்கும் 22 கரட் ஊசியின் கோட்டுக்குப் பக்கத்திலேயே உரசச் சொல்லுங்கள். கரட் காட்டும் எக்ஸ்ரே மெஷினும் மேற்பரப்பில் ஒரு மயிரிழைக்கும் குறைந்த ஆழத்தைத்தான் படிக்கும். பூச்சு தடிப்பாக இருந்தால் மெஷின் "91.6", அதாவது 22 கரட், என்று அழகாகக் காகிதம் கொடுக்கும். அந்தக் காகிதத்தோடு நிறையும் விட்டமும் தடிப்பும் ஒத்துப்போனால் மட்டும் அதற்கு மதிப்பு. நைத்திரிக் அமிலத்தை வீட்டில் வைத்துப் பரீட்சித்துப் பார்க்காதீர்கள், பிள்ளைகள் இருக்கும் லயத்து அறைக்குள் அது வரவே கூடாது.

தங்கத்திலேயே செய்த கள்ளப் பவுனும் உண்டு. கடந்த நூற்றாண்டின் நடுவில் லெபனானிலும் இத்தாலியிலும் இப்படி நிறைய அடித்தார்கள், தங்க அளவும் ஏறக்குறையச் சரியாக இருக்கும். தங்க விலைக்கு வாங்குகிறவருக்கு இதில் பெரிய நட்டமில்லை. அபூர்வ ஆண்டு என்று கூடுதல் விலை கொடுப்பவர்தான் மாட்டுவார். தெரியாதவரிடம் அபூர்வக் காசு வாங்க வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கதையும் கைமாற்றும்

மலையகத்தில் அடிக்கடி வரும் கதை இது: பழைய துரை பங்களாவை இடித்தபோது அத்திவாரத்தில் ஒரு போத்தல் கிடைத்தது, உள்ளே பவுன். வெள்ளைக்காரத் துரைமார் இருந்த தோட்டம் என்பதால் நம்பும்படி இருக்கும். 1890இல் கட்டிய பங்களா என்பார், அத்திவாரத்துக்குள் இருந்த காசில் 1911 என்று இருக்கும். கேட்டுப் பாருங்கள், பதில் வராது. அரசர் காலத்துப் புதையல் என்றால் இன்னும் மோசம். நிலத்துக்குள் கிடைத்த தொல்பொருள் அரசுக்குச் சொந்தம், 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. காசு கள்ளமென்றால் பணம் போகும், உண்மையென்றால் வழக்கு வரும்.

"அண்ணே, ஒண்ணக் கொண்டுபோய்க் காட்டிப் பாருங்க, நல்லதா இருந்தா மிச்சத்த எடுங்க." இந்த வாக்கியம் கேட்டதும் உஷாராகுங்கள். அந்த ஒன்று உண்மையான பவுன். கடைக்காரரும் நல்லதென்பார். மிச்சம் இருபதும் பித்தளை. இன்னொரு வகை, சோதித்த காசையே மாற்றுவது. நீங்கள் சோதித்துத் திருப்பிக் கொடுக்கிறீர்கள், அவர் துணியில் முடிந்து சட்டைப் பையில் போடுகிறார், பணம் எண்ணுகிறீர்கள், அவர் எடுத்துக் கொடுப்பது அதே துணியில் முடிந்த வேறொன்று. ஆகவே சோதித்த காசு உங்கள் கண்ணை விட்டுப் போகக் கூடாது. உங்கள் கண்ணாடிப் பையில், மேசை நடுவில் இருக்கட்டும். ஆண்டையும் ஏதாவது ஒரு கீறலையும் குறித்துக்கொண்டு, பணம் கொடுப்பதற்கு ஒரு நிமிடம் முன் திரும்ப நிறுங்கள். இருபது காசு என்றால் இருபதையும் தனித்தனியாக.

சந்திக்கும் இடம் நகரத்தில் நீங்கள் தெரிவு செய்த நகைக்கடை. அவர் "எனக்குத் தெரிஞ்ச கடை" என்றால் அது வேண்டாம். இதைவிட எளிய வழி ஒன்றும் உண்டு. அரச வங்கியின் அடகுப் பகுதிக்கு அவரோடு போய், அவர் பெயரில், அவர் அடையாள அட்டையில் காசை அடகு வைக்கக் கேட்கச் சொல்லுங்கள். நல்ல காசு வைத்திருப்பவர் யோசிக்க மாட்டார். பஸ்ஸைப் பிடிக்க அவசரப்படுபவரை விட்டுவிடுங்கள்.

விலையைக் கணக்குப் பார்த்து வையுங்கள். முழுப் பவுனில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். அன்றைய 24 கரட் கிராம் விலையை அதனால் பெருக்குங்கள். அல்லது கொழும்பு நகைக்கடைகள் இருக்கும் செட்டியார் தெருவின் 22 கரட் பவுன் விலையை எடுங்கள், அது 8 கிராமுக்கு, வித்தியாசம் மிகச் சிறியது. நகைக்கடை பழைய தங்கம் வாங்கும்போது கொஞ்சம் கழிக்கும், ஆகவே விற்பவர் அதைவிடக் கொஞ்சம் கூடக் கேட்பதும் நீங்கள் கடை விலையைவிடக் கொஞ்சம் குறையக் கொடுப்பதும் நியாயம். பாதி விலைக்குத் தருகிறேன் என்றால், எந்த நகைக்கடையும் ஐந்து நிமிடத்தில் இதைவிடக் கூடத் தருமே, ஏன் அங்கே போகவில்லை என்று கேளுங்கள். களவுப் பொருளாக இருந்தாலும் இதே விலைதான் சொல்வார்கள். முற்பணம் ஒரு சதமும் வேண்டாம்.

வாங்கினால் ஒரு துண்டு எழுதுங்கள்: திகதி, காசின் ஆண்டு, நிறை, விலை, விற்பவரின் பெயர், விலாசம், அடையாள அட்டை எண், இரு கையொப்பம், ஒரு சாட்சி. பணத்தை வங்கிக் கணக்குக்கு மாற்றினால் தடயம் மிஞ்சும், கணக்கு அவர் பெயரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிநாட்டில் வேலை செய்து வந்தவர்கள் கொண்டுவரும் மற்றக் காசுகளுக்கும் இதே முறைதான், எண் மட்டும் மாறும். தென்னாபிரிக்காவின் ஒரு அவுன்ஸ் க்ரூகரான்ட் 22 கரட், 33.93 கிராம், விட்டம் 32.77 மில்லிமீற்றர், தண்ணீரில் ஏறக்குறைய 1.9 காட்டும். 24 கரட் 8 கிராம் காசு 0.41 அல்லது 0.42, ஆனால் டங்ஸ்ரன் விஷயத்தை மறக்காதீர்கள். சீல் வைத்த பிளாஸ்டிக் அட்டையில் வருவதைப் பிரிக்காமல் தண்ணீரில் சோதிக்க முடியாது, அட்டையும் சீலும் சேர்த்தே போலி செய்கிறார்கள்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்திருந்தால் அந்தக் காசை வேறொருவர் தலையில் கட்டப் பார்க்காதீர்கள், அப்போது குற்றவாளி நீங்கள். காசு, அது சுற்றி வந்த துணி, வட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதுங்கள். ஆள் இன்னும் ஊரில் நிற்கிறார் என்றால் பொலிஸ் அவசர எண் 119. உரையாடலை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷொட் எடுத்து இன்னொரு தொலைபேசிக்கும் அனுப்பி வையுங்கள்.